செல்லரித்த சிமெண்டு

ரப்பர் விலை படுத்துவிட்டுப் பாதி எழுந்து உட்கார்ந்த வருஷம் அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அப்போது எவருக்கும் தம் வீடு எதனால் கட்டப்பட்டிருக்கிறதோ அதில் திருப்தி இல்லை. பலகை வீட்டுக்காரர்கள் பலகைக்குச் சாம்பல் வர்ணம் அடித்து, கல் அடுக்கியது போலக் கோடு இழுத்துக்கொண்டார்கள். சிமெண்டு வாங்க வசதி இருந்தவர்களோ, அந்தச் சிமெண்டை மரம் போலச் செய்து தரச் சொல்லிக் கொத்தனார்களின் பின்னால் அலைந்தார்கள். இரு கட்சியாரும் வீட்டை மாற்றிக்கொண்டிருந்தால் செலவு மிச்சம். ஆனால் நாகரிகம் செலவை மிச்சம் பிடிக்க வந்ததல்லவே.

இதற்கெல்லாம் காரணம் ஒரு ரயில்வே துரை. தம் தோட்டத்தில் அடிமரம் போல ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டுவிட்டுக் தம் ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார். கிராணிமார்கள் அதில் உட்காரத் துணியாமல் சுற்றி நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த மாதமே பிரிக்பீல்ட்ஸில் சிமெண்டு மூங்கில் முளைத்தது. ஒரு வீட்டு வாசலில் ஓரம் சுருண்ட சிமெண்டுப் பாய் விரிக்கப்பட்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் தடுக்கி விட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் சிரில் தம் வராந்தா பெஞ்சில் சிமெண்டுத் தலையணை ஒன்று வைத்தார். ஈப்போவிலிருந்து களைத்து வந்த அவருடைய மாமனார் அதில் தொப்பென்று தலையைப் போட்டார். அன்றிலிருந்து மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. தலையணை மட்டும் இன்னும் இருக்கிறது.

இந்த ஊரில்தான் ரயில்வே ஸ்டோர் பெரிய கிராணி கன்னையா, பென்ஷன் வாங்கும் சமயத்தில், சொந்தமாக ஒரு வீடு கட்டினார். மாதக் கடைசியில் வேலை முடிகிறது. அன்றைக்கே ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அடுத்த கிராணியிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் புது வீட்டுக்கு நகர ஆபீஸில் குடியேறும் சீட்டு வாங்கியாக வேண்டும். சீட்டு இல்லாமல் குடி போனால் சாமான்களைத் தூக்கித் தெருவில் வைப்பார்கள். அது எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். நம் ஒவ்வொருவருக்கும் அப்படி ஓர் ஆபீஸ் உண்டு.

அவர் மனைவி பவுனம்மாள் புது வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்று.

"அடுப்படிக்குள்ள ஒரு தண்ணிக் குழாய் வச்சுக் குடுங்க. முப்பது வருஷமா வாளி தூக்கிட்டேன்."

"வைக்கலாம், வைக்கலாம். முதல்ல முகப்பு முடியட்டும்" என்றார் கன்னையா.

முகப்பு என்றால் வேலி. சிரில் வீட்டுத் தலையணையை ஒரே அடியில் வீழ்த்துகிற மாதிரி ஒரு மரவேலி, சிமெண்டில். அதற்காகக் கொத்தனார் வாசுவைப் பிடித்தார். வாசு தம்மைக் கொத்தனார் என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதவர்.

"என்ன மரம் வேணும் ஐயா? தேக்கா, பலாவா, மெராந்தியா?"

"பாக்குறவன் மரம்னே நம்பணும்."

"நம்புவான்."

"தொட்டுப் பாத்தா?"

"தொடுறதுக்கு முன்னாடியே நம்பிடுவான் ஐயா. அப்புறம் எதுக்குத் தொடப் போறான்?"

வாசு வாய்ச்சொல் வீரர் அல்ல. பட்டை, கணு, வெட்டின கிளையின் வளையம் எல்லாம் வந்தன. கன்னையாவுக்குப் போதவில்லை. கணு சிரில் வீட்டிலும் இருக்கிறதே! யோசித்து யோசித்து, வேலிக்குச் செல் அரித்த ஓட்டை வேண்டும் என்றார். வாசு ஒரு குடைக்கம்பியை எடுத்து, ஈரச் சிமெண்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஓட்டை போட்டார். ஓட்டைக்குத் தனிக் கூலி. தண்ணீர்க் குழாய்க்கு வைத்திருந்த பணம் அந்த ஓட்டைகளின் வழியாகத்தான் போயிற்று.

"உலகத்துல செல் அரிக்காம இருக்கத்தான் காசு செலவு பண்ணுவாங்க" என்றாள் பவுனம்மாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரிஞ்சுட்டதுதான் உங்க கஷ்டம்."

வேலி முடிந்த மறுநாள் ஒரு விறகுக்காரன் வாசலில் நின்று, "அண்ணே, இந்தப் பழைய வேலியைப் பிடுங்கினா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, அடுப்புக்கு ஆகும்" என்றான். கன்னையாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவனுக்கு ஐந்து காசு கொடுத்து அனுப்பினார்.

அந்த வாரமே நகர ஆபீஸின் கட்டட இன்ஸ்பெக்டர் அம்புரோஸ் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைக் கால்சட்டை, வெயில் தொப்பி, தப்பாத ஞாயிற்றுக்கிழமைப் பூசை. கை நீட்டாத மனிதர். அதுதான் விபத்து. கை நீட்டுகிறவராக இருந்தால் இந்தக் கதை இந்த வரியிலேயே சுபமாக முடிந்திருக்கும்.

அவர் வீட்டுக்குள் போனார், வந்தார், எல்லாம் சரி என்றார். கடைசியாக வேலியின் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கிராணி ஐயா, இந்தத் தெருவுக்குச் சட்டம் தெரியும்தானே? தீப்பிடிக்கிற பயம் இருக்கறதால ரோட்டைப் பாத்த பக்கம் மரத்தால எதுவும் கட்டக் கூடாது."

கன்னையா பூரித்துப் போனார். "ஹா! நீங்களே ஏமாந்துட்டீங்களா? அது சிமெண்டு சார்!"

"மரம் மாதிரி தெரியுதே."

"அதுக்குத்தானே சார் காசு குடுத்தேன்!"

"அப்ப மரமாத் தெரியுதுன்னு நீங்களும் ஒத்துக்கிறீங்க."

கன்னையா வேலியருகே போனார். "ஒரு தட்டுத் தட்டிப் பாருங்களேன்."

"தட்டிப் பாக்கறது டாக்டர் வேலை. எனக்குப் போட்டிருக்கிற வேலை பார்வையிடுறது. நான் பார்வையிட்டுட்டேன்."

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு சொல்லுவாங்களே சார்."

"தீர விசாரிக்க எனக்கு அலவன்ஸ் கிடையாது லா, ஐயா."

கன்னையா ஓடிப்போய் வாசுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். "நீ செஞ்ச வேலை என்னன்னு இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட சொல்லு" என்றார். வாசு நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஐயா, நல்லா பாத்துக்குங்க. இதை மரம் இல்லேன்னு சொல்ல எவனுக்காவது தைரியம் இருக்கா? கோலாலம்பூர்ல ஒருத்தன் சொல்லட்டும், நான் கரண்டியைக் கீழே வச்சுடுறேன்."

"எனக்கு அந்தத் தைரியம் இல்லை" என்று அம்புரோஸ் ஒத்துக்கொண்டார். பிறகு குனிந்து ஓட்டைகளைப் பார்த்தார். முகம் இன்னும் இருண்டது. "மரம் மட்டுமில்லை, செல் வேற அரிச்சிருக்கு" என்று எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். சீட்டு இல்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். கன்னையா வேலியையே எடுத்து மடியில் விட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வேலியின் பின்பக்கத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு உடைத்து, கைக்குட்டையில் சுற்றி, நகர ஆபீஸுக்கு எடுத்துப் போனார். அங்கே தலைமைக் கிராணி யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு. மிகுந்த மரியாதைக்காரர். துண்டைக் கையில் வாங்கி, முகர்ந்தும் பார்த்தார்.

"ஓம், இது சுத்தமான சிமெந்துதான்" என்றார்.

"அப்பாடா!"

"ஆனா இது உங்கட வேலியிலயிருந்து வந்ததெண்டதுக்கு என்ன ஆதாரம்?"

"நானே உடைச்சேன் ஐயா!"

"உங்கட வேலி மரவேலி எண்டு ஆபீஸிலை பதிஞ்சு கிடக்குது. மரவேலியை உடைச்சா மரத்துண்டுதானே வரும்? சிமெந்து வந்திருக்கெண்டால் இது வேறை ஆரின்ரையோ வேலி. மற்றவன்ரை வேலியை உடைக்கிறது குற்றம், கன்னையா. நான் இதைக் காணேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுறன்."

அவர் துண்டை மறுபடி கைக்குட்டையில் சுற்றி, சகோதர வாஞ்சையுடன் திருப்பிக் கொடுத்தார். கன்னையா அதை ரயில் வண்டியில் மறந்துவிட்டு வருவது போல ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

வீட்டு வாசலில் செல் ஒழிப்புப் பிரிவு வந்து நின்றது. செல் அரித்ததாக எழுதப்பட்டுவிட்டது அல்லவா? இரண்டு பேர், ஒரு தார் வாளி, ஒரு மேற்பார்வையாளர். ஒவ்வொரு ஓட்டையிலும் தார் மருந்து ஊற்றினார்கள். ஒரு செல்லும் வெளியே வரவில்லை. மேற்பார்வையாளருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேலை பார்த்த இடங்களில் இத்தனை சுத்தமாகச் செல் செத்தது இதுதான் முதல் தடவையாம். "மரத்தில் இருந்த செல் அனைத்தும் பூண்டோடு ஒழிக்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இதுவரை வேலி மரம் என்று சொன்னது ஓர் இலாகா. இப்போது இரண்டு.

கன்னையா வேலிக்குச் சுண்ணாம்பு அடித்தார். அம்புரோஸ் வந்து, "சுண்ணாம்பு அடிச்ச மரம்" என்றார்.

கடைசியில் கன்னையா கும்பிட்டுக் கேட்டார். "சார், மரம்னா எரியணும். கொளுத்திப் பாருங்க. எரிஞ்சா மரம், எரியலேன்னா சிமெண்டு. இதுக்கு மேல என்ன வேணும்?"

அம்புரோஸ் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர். மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். தெருவே கூடிவிட்டது. சிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மண்ணெண்ணெய் எரிந்தது, தார் எரிந்தது, சுண்ணாம்பு கறுத்தது. வேலி அப்படியே நின்றது. கூட்டம் கைதட்டியது. கன்னையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறக்குறைய ஆடினார்.

அம்புரோஸ் அருகில் போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பச்சை மரம்" என்றார்.

"என்னது?"

"ஈரம் காயலை. அதான் எரியலை. மழை போனப்புறம் திரும்பக் கொளுத்திப் பாப்போம்."

"செல் அரிச்ச பழைய மரம்னு நீங்கதானே சார் எழுதினீங்க? அது எப்படிப் பச்சை மரமாகும்?"

"அதுதான் ஐயா எனக்கும் கவலை. பச்சையா இருக்கும்போதே செல் அரிச்சிருக்குன்னா, எவ்வளவு மட்டமான மரத்தை வாங்கியிருக்கீங்க!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான். கன்னையா அன்று வேலியோரத்தில் உட்கார்ந்து உண்மையாகவே அழுதார். குவார்ட்டர்ஸில் அவருக்குப் பதிலாக வந்த புதுக் கிராணி ராதாகிருஷ்ணன் லோரியில் கட்டில், பீரோ, மாமியாரோடு வந்து இறங்கிவிட்டான். நல்ல பிள்ளைதான். "அவசரமில்லைங்க ஐயா, மெதுவாக் காலி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, கட்டிலை வாசலிலேயே போட்டு, மாமியாரை அதன்மேல் உட்கார வைத்துவிட்டான். அந்த அம்மாள் உள்ளே பார்த்தபடியே இருந்தாள்.

பவுனம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "பால் காய்ச்ச நாள் பாத்தாச்சு. நாளை மறுநாள். நான் எங்க காய்ச்சட்டும்? ரோட்டுலயா? அந்த வேலியை இடிச்சுத் தள்ளுங்க."

"எவ்வளவு காசு பவுனு!"

"அந்தக் காசு ஏற்கெனவே செத்துப் போச்சு. பொணத்தைத்தான் எடுக்கச் சொல்றேன்."

வாசு அழுதுகொண்டே இடித்தார். ஆனால் சட்டம் லேசில் விடுமா? தெருவில் மாடுகள் திரிவதால் முன்வேலி இல்லாத வீட்டுக்கும் சீட்டு கிடையாது. புதிதாகச் சிமெண்டு வேலி ஊற்றினால் காய நாளில்லை. அப்போதுதான் கன்னையாவுக்கு ரயில்வே ஸ்டோர் ஞாபகம் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போட்டு எடுத்த பழைய சிலிப்பர் கட்டைகளை அங்கே மலிவாக விற்பார்கள். பெரிய கிராணி என்ற முறையில் கடைசியாகச் சொந்தக் காசு கொடுத்து ஒரு வண்டிக் கட்டை வாங்கினார். கட்டைகளை வரிசையாக நட்டு, மேலே சாம்பல் வர்ணம் அடித்து, சதுரம் சதுரமாகக் கோடு இழுத்தார் வாசு. அழுத கண்ணோடு இழுத்ததால் கோடு கொஞ்சம் வளைந்திருந்தது.

"இது மரம்தானேங்க?" என்றாள் பவுனம்மாள்.

"சத்தம் போடாதே" என்றார் கன்னையா.

அம்புரோஸ் வந்தார். வேலியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதைத்தான் ஐயா நான் முதல்லயே கேட்டேன்! எவ்வளவு சுத்தமான கான்கிரீட்! பாத்த உடனே தெரியுதே!"

"தெரியுதுங்களா?" என்றார் கன்னையா.

"இதைப் போய் எவனாவது மரம்னு சொல்லுவானா?"

சீட்டு அங்கேயே கிடைத்தது. குறித்த நேரத்தில் பால் பொங்கிற்று. தண்ணீர் மட்டும் வெளிக்குழாயிலிருந்து வாளியில் வந்தது.

செய்தி பரவ எத்தனை நேரம்? நிஜச் சிமெண்டு வேலி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பயம் பிடித்துக்கொண்டது. யார் வேலி எப்போது மரமாகும் என்று யார் கண்டது? ஒவ்வொருவராக இடித்துவிட்டு, சிலிப்பர் கட்டை நட்டு, சாம்பல் வர்ணம் அடித்துக் கோடு இழுத்தார்கள். சிரில் தம் பெஞ்சைக்கூட மாற்றிவிட்டார். தீக்குச்சி பட்டால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எரியக்கூடிய அந்தத் தெரு, தீயில்லா மாதிரித் தெரு என்று ஆபீஸால் பாராட்டப்பட்டது. முகப்புகளைப் பார்வையிடும்போது கூட வந்து ஆலோசனை சொல்ல ஊரில் அனுபவமுள்ள ஒரு கௌரவ அங்கத்தினர் தேவை என்று மேலிடம் கருதியது. கன்னையாவைக் கருதியது. கோட்டில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லையும் கொடுத்தார்கள்.

"அந்த அம்புரோஸ் மாதிரி ஆயிடாதீங்க" என்றாள் பவுனம்மாள், வில்லையைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே.

"நானா? பட்டவன் பவுனு நான். இனிமே ஒருத்தருக்கும் அந்த அநியாயம் நடக்க விடமாட்டேன்." அவர் மனதார அப்படித்தான் நினைத்தார்.

முதல் பார்வையிடல் தெருக் கோடியில். சீதாலெட்சுமி என்று ஒருத்தி, ரயில் தொழிற்சாலை வாசலில் இடியாப்பம் விற்றுச் சேர்த்த காசில் ஒரு சின்ன வீடு கட்டியிருந்தாள். முன்பக்கம் குட்டிச் சுவர். வர்ணமில்லை, கோடில்லை, வெறும் சிமெண்டு. ஆற்றுமணல் கலந்ததால் லேசாகப் பழுப்பேறி, கரண்டி இழுத்த தடம் நீளநீளமாக ஓடியிருந்தது.

அம்புரோஸ் தொப்பியைக் கழற்றினார். "என்ன ஐயா சொல்றீங்க? மரம் மாதிரி இல்லை?"

கன்னையாவுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது, சிமெண்டு. சொல்ல வாயையும் திறந்தார்.

"சிமெண்டுங்க ஐயா" என்றாள் சீதாலெட்சுமி. "சந்தேகமா இருந்தா ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க. இருந்த வாடகை வீட்டை விட்டாச்சு, பிள்ளைங்களோட இங்கதான் வரணும்."

தட்டிப் பார்ப்பதா? கன்னையா திரும்பிப் பார்த்தார். தெருவில் இருந்த அத்தனை பேரும் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். சிரில் நின்றார். வாசு நின்றார். இங்கே தட்டிப் பார்த்தால் அடுத்த வீட்டில் தட்டுவார்கள். அடுத்த வீட்டில் தட்டினால் அதற்கடுத்த வீடு. அப்படியே தட்டிக்கொண்டே வந்தால் பவுனம்மாள் பால் காய்ச்சிய வீடு எங்கே நிற்கும்? கூட்டத்தில் ஒவ்வொருவர் முகத்திலும் அதே கணக்கு ஓடியது.

"தட்டுறதெல்லாம் வழக்கமில்லைம்மா" என்றார் கன்னையா. தம் குரல் தமக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பாத்தா மரமாத்தான் தெரியுது."

"மரமேதான்" என்றார் சிரில்.

"நல்ல மரம். மெராந்தி" என்றார் வாசு.

தெரு முழுவதும் மரம் மரம் என்று தலையாட்டியது. அம்புரோஸ் எழுதிக்கொண்டார். எல்லோரும் கலைந்து, ஒருவரையொருவர் பார்க்காமல், அவரவர் வேலிக்குள் போனார்கள். கன்னையா மட்டும் கால் வராமல் நின்றார்.

சீதாலெட்சுமி சுவரின் மேல் கையை வைக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"இத்தனை பெரியவங்க சொன்னதுக்கு அப்புறம் பாத்தா, எனக்கும் மரமாத்தாங்க ஐயா தெரியுது" என்றாள்.